ஓ.எம்.ஆர். ஃபிளாட், புறநகர் போர்ஷன் வீடு, ஊருக்குள் பழைய ஃபிளாட்: வாடகைக்கு விட எதை வாங்கலாம்?

கையில் 30 லட்சத்துக்குச் சற்று மேல், வங்கிக் கடன் 50 லட்சம். சென்னையில் வாடகைக்கு விடுவதற்கென்றே வீடு வாங்கக் கிளம்புபவருக்குப் பெரும்பாலும் மூன்று வழிகள்தான். ஓ.எம்.ஆர். எனப்படும் பழைய மகாபலிபுரம் சாலையில் நாவலூர், சிறுசேரி பக்கம் புதிதாகக் கட்டும் குடியிருப்பில் ஒரு டபுள் பெட்ரூம் ஃபிளாட். கூடுவாஞ்சேரி, ஆவடி பக்கம் அரை கிரவுண்டில் (1,200 சதுர அடி) கீழே இரண்டு, மேலே ஒன்று என மூன்று போர்ஷன் கொண்ட தனி வீடு. நங்கநல்லூர், குரோம்பேட்டை போன்ற இடங்களில் 20 வருடப் பழைய ஃபிளாட்.

தரகர்கள் மூன்றையும் வாடகைத் தொகையை வைத்தே ஒப்பிட்டுக் காட்டுவார்கள். அந்த ஒப்பீட்டை நம்பி முடிவெடுத்தால் வருத்தம்தான் மிஞ்சும். செலவெல்லாம் போக மூன்றிலும் நிற்கிற தொகைக்குள் பெரிய வித்தியாசம் இல்லை. மோட்டார் நின்றால் யாருக்கு போன் வரும், வருடத்தில் எத்தனை நாள் வீடு பூட்டிக் கிடக்கும், விற்கப் போனால் என்ன கிடைக்கும் என்ற மூன்று விஷயங்களில்தான் வித்தியாசம் இருக்கிறது.

முதலில் கணக்கு. இவை எடுத்துக்காட்டுத் தொகைகள். நீங்கள் பார்க்கும் வீட்டின் தொகையைப் போட்டு இதே வரிசையில் கணக்குப் பாருங்கள்.

ஓ.எம்.ஆர். ஃபிளாட் 1,000 சதுர அடி, விலை 70 லட்சம். கட்டிக்கொண்டிருக்கும்போதே வாங்கினால் 5 சதவீதம் ஜிஎஸ்டி, 3.5 லட்சம். நிறைவுச் சான்றிதழ் வாங்கிய பிறகு விற்கும் ஃபிளாட்டுக்கு இது கிடையாது. முதல் விற்பனை என்பதால் 50 லட்சத்துக்கு மேல் 3 கோடி வரை முத்திரைத்தாள் 5, பதிவுக் கட்டணம் 2, ஆக 7 சதவீதம், 4.9 லட்சம். இந்தச் சலுகை 2023 டிசம்பரிலிருந்து நடைமுறையில் இருக்கிறது. பில்டர் சாவி கொடுக்கும்போது உள்ளே வெறும் சுவர்தான் இருக்கும். அலமாரி, சமையலறை கேபினட், ஃபேன், கீசர், கொசுவலை, துணி உலர்த்தும் கம்பி என்று 3.5 லட்சமாவது போட்டால்தான் வாடகைக்குப் போகும். மொத்தம் சுமார் 82 லட்சம். பராமரிப்பும் சேர்த்து வாடகை 22,000. வருடத்தில் ஒரு மாதம் காலி என்று வைத்தால் வரவு 2,42,000. சதுர அடிக்கு 4 ரூபாய் பராமரிப்பு 48,000, சொத்து வரி 6,000, சில்லறை ரிப்பேர் 15,000 போனால் 1,73,000. போட்ட பணத்துக்கு 2.1 சதவீதம்.

போர்ஷன் வீடு 75 லட்சம். கட்டிய வீட்டை மறுவிற்பனையில் வாங்குவதால் முத்திரைத்தாள் 7, பதிவு 2, ஆக 9 சதவீதம். மொத்தம் 82 லட்சம். வாடகை 7,000, 7,000, 11,000. ஒவ்வொன்றும் வருடத்தில் ஒரு மாதம் காலி என்றால் வரவு 2,75,000. மோட்டார், செப்டிக் டேங்க், வெள்ளையடிப்பு, வரி எல்லாம் 50,000. நிற்பது 2,25,000, 2.7 சதவீதம்.

பழைய ஃபிளாட் 850 சதுர அடி, 65 லட்சம். அதே 9 சதவீதம், உள்ளே சரிசெய்ய 4 லட்சம், ஆக 75 லட்சம். வாடகை 21,000, அரை மாதம் காலி, வரவு 2,41,500. பராமரிப்பு 18,000, வரி 4,000, ரிப்பேர் 20,000 போக 1,99,500. இதுவும் கிட்டத்தட்ட 2.7 சதவீதம்.

50 லட்சம் கடனுக்கு 8.5 சதவீத வட்டியில் 20 வருடத்துக்கு மாதத் தவணை 43,400 ரூபாய். மூன்றில் எதை வாங்கினாலும் வாடகை தவணையைக் கட்டாது. மாதம் 25,000 முதல் 29,000 வரை சம்பளத்திலிருந்து போட்டாக வேண்டும். "வாடகையே இஎம்ஐயைக் கட்டிவிடும்" என்று யாராவது சொன்னால் இந்தக் கணக்கை எழுதிக் காட்டச் சொல்லுங்கள்.

ஓ.எம்.ஆர். ஃபிளாட்

உழைப்பு குறைவு என்பது இதன் உண்மையான பலம். தண்ணீர், லிஃப்ட், ஜெனரேட்டர், காவல், குப்பை எல்லாம் சங்கத்தின் பொறுப்பு. வெளியூரில், வெளிநாட்டில் இருப்பவர்கள் இதைத் தேர்ந்தெடுப்பதற்குக் காரணம் இருக்கிறது.

பலவீனம், ஒரே மாதிரி வீடுகளின் கூட்டம். 400 வீடுகள் உள்ள குடியிருப்பில் சாவி கொடுத்த மூன்று நான்கு மாதத்துக்குள் 100 வீடுகளுக்குமேல் ஒரே நேரத்தில் டு-லெட் போர்டு தொங்கும். எல்லாம் ஒரே அளவு, ஒரே அமைப்பு. பக்கத்து பிளாக்காரர் 2,000 குறைத்தால் நீங்களும் குறைத்தே ஆக வேண்டும். குடிவருபவர்கள் பெரும்பாலும் ஐடி வேலையில் இருப்பவர்கள். அலுவலகம் மாறினால், கல்யாணம் ஆனால், குழந்தை பள்ளிக்குப் போனால் வீடு மாறுவார்கள். ஒவ்வொரு மாற்றத்துக்கும் பெயின்ட், தரகருக்குக் கமிஷன், சில வாரம் காலி. அதனால் பில்டர் சொல்லும் வாடகையை விட்டுவிட்டு, அதே குடியிருப்பில் அல்லது பக்கத்துக் குடியிருப்பில் எத்தனை வீடு எத்தனை நாளாகக் காலி என்று செக்யூரிட்டியிடம் கேளுங்கள். அவருக்கு எண்ணிக்கை விரல் நுனியில் இருக்கும்.

அடுத்து தண்ணீர். இந்தப் பகுதியின் பல குடியிருப்புகள் லாரித் தண்ணீரை நம்பியவை. 2019 கோடையில் ஏரிகள் வறண்டபோது லாரி கிடைப்பதே பெரும்பாடானது. கோடையில் லாரிச் செலவு ஏறினால் சங்கம் பராமரிப்பை ஏற்றும். வாடகைக்குள் பராமரிப்பைச் சேர்த்துப் பேசியிருந்தால் அந்த ஏற்றம் உங்கள் தலையில் விழும். ஒப்பந்தத்தில் வாடகை தனி, பராமரிப்பு தனி என்று எழுதி, பராமரிப்பைக் குடியிருப்பவரே சங்கத்துக்குக் கட்டுவதாக வைத்துக்கொள்ளுங்கள். வாடகை கொஞ்சம் குறைவாகத் தெரிந்தாலும் இதுதான் பாதுகாப்பு.

போர்ஷன் வீடு

மூன்று குடித்தனம் என்பதால் ஒன்று காலியானாலும் மற்ற இரண்டு வரும். நிலம் முழுக்க உங்களுடையது. இரண்டும் பெரிய பலம். ஆனால் இந்த வீட்டுக்கு நீங்கள்தான் சங்கம், நீங்கள்தான் பிளம்பரை அழைப்பவர், நீங்கள்தான் பஞ்சாயத்துப் பேசுபவர். வீட்டிலிருந்து அரை மணி நேரத்தில் போய்ச் சேர முடியாத தூரத்தில் போர்ஷன் வீடு வாங்கவே வேண்டாம்.

இங்கே சண்டை வருவது தண்ணீரிலும் கரன்ட்டிலும்தான். ஆளுக்கு நாளுக்கு 135 லிட்டர் என்பது பொதுவாகக் கணக்கிடும் அளவு. மூன்று குடும்பம், 12 பேர் என்றால் 1,620 லிட்டர். சம்ப், அதாவது தரைக்கு அடியில் இருக்கும் தண்ணீர்த் தொட்டி, 6,000 லிட்டர் இருந்தால் மூன்றரை நாள் தாங்கும், கோடையில் ஒரு 6,000 லிட்டர் லாரியை அப்படியே வாங்கிக்கொள்ளும். பல பழைய வீடுகளில் சம்ப் 3,000 லிட்டர்தான். முழு லாரிக்குப் பணம் கொடுத்துப் பாதியை மட்டும் இறக்க வேண்டிவரும். வீட்டைப் பார்க்கப் போகும்போது ஒரு டேப்பைக் கொண்டுபோய் சம்பின் நீள அகல ஆழத்தை அளந்துவிடுங்கள். ஒரு கன அடிக்கு 28.3 லிட்டர்.

மாடியில் ஒரே ஒரு பெரிய டேங்க் வைத்து மூன்று போர்ஷனுக்கும் பைப் இழுத்திருப்பார்கள். காலையில் கீழ்வீட்டில் இரண்டு குழாய் திறந்தால் மாடி பாத்ரூமில் ஷவர் சொட்டும். போர்ஷனுக்கு ஒரு 1,000 லிட்டர் டேங்க், தனித்தனி வால்வு என்று மாற்றினால் இந்தத் தகராறு அன்றோடு போகும். யார் அதிகம் செலவழிக்கிறார் என்பதும் டேங்கைப் பார்த்தாலே தெரியும்.

மோட்டார் "உம்ம்" என்று முனகிவிட்டுச் சுற்றாமல் நின்றால் பெரும்பாலும் கெபாசிட்டர் போயிருக்கும். சில நூறு ரூபாயில் முடியும். சுவிட்சைப் போட்டுப் போட்டுப் பார்த்தால் உள்ளே இருக்கும் கம்பிச் சுருள் எரிந்து, அதைத் திரும்பச் சுற்றும் ரீவைண்டிங் செலவு ஆயிரங்களில் வரும். அதனால் "முனகினால் உடனே நிறுத்துங்கள்" என்று ஸ்டார்ட்டர் பெட்டி மேலேயே எழுதி ஒட்டுங்கள். சம்பில் தண்ணீர் இல்லாமல் ஓடி எரிவதைத் தடுக்க டிரை ரன் கட்டுப்பாடும், டேங்க் வழிவதைத் தடுக்க லெவல் கன்ட்ரோலரும் முதல் மாதமே போட வேண்டியவை.

மின் இணைப்பு ஒவ்வொரு போர்ஷனுக்கும் தனியாக இருக்கிறதா என்று பாருங்கள். மின் வாரியத்தின் வீட்டுக் கட்டணம் இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம், பிறகு படிப்படியாக ஏறும். 500 யூனிட்டைத் தாண்டினால் கணக்கே வேறு ஸ்லாபுக்கு, அதாவது கூடுதல் கட்டணப் படிக்கு, போய்விடும். மூன்று குடும்பம் ஒரே மீட்டரில் இருந்தால் தனித்தனியாக 200 யூனிட் செலவழிக்கும் எளிய குடும்பங்கள்கூடச் சேர்ந்து அந்தக் கூடுதல் ஸ்லாபில் கட்டும். வாரிய மீட்டருக்குக் கீழே உரிமையாளரே சப்-மீட்டர் வைத்து யூனிட்டுக்கு இவ்வளவு என்று வாங்குவது பழக்கத்தில் இருக்கிறது. அது குடியிருப்பவருக்கு நியாயமில்லாத பாரம். வாடகைத் தகராறுகள் பல இங்கிருந்துதான் கிளம்புகின்றன. மோட்டாருக்கும் மாடிப்படி விளக்குக்கும் மட்டும் ஒரு சப்-மீட்டர் வைத்து, அந்தத் தொகையை மூன்றாகப் பிரியுங்கள்.

பாதாள சாக்கடை இல்லாத புறநகரில் செப்டிக் டேங்க் இருக்கும். கழிவுநீர் லாரி வந்து நிற்கத் தெருவில் இடம் இருக்கிறதா, மூடி வெளியே திறக்கும்படி இருக்கிறதா என்று பாருங்கள். எந்தச் சூழ்நிலையிலும் ஆளை உள்ளே இறக்காதீர்கள். 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி அது குற்றம். அதைவிட முக்கியம், உள்ளே இருக்கும் வாயு நிமிடங்களில் உயிரை எடுத்துவிடும்.

கடைசியாகக் காகிதம். தரைத்தளத்துக்கு மட்டும் கட்டட அனுமதி வாங்கி, மாடியை அனுமதி இல்லாமல் எழுப்பியிருப்பார்கள். வங்கி அந்த மாடியை மதிப்பில் சேர்க்காது. 50 லட்சம் எதிர்பார்த்த இடத்தில் 35 லட்சம் கடன்தான் வரும். அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன் அனுமதி வரைபடத்தை வாங்கி, எத்தனை தளம், எத்தனை குடித்தனம் என்று எண்ணிப் பாருங்கள்.

பழைய ஃபிளாட்

ரயில் நிலையம், பள்ளி, கோயில், காய்கறிக் கடை எல்லாம் நடந்துபோகும் தூரத்தில் இருப்பதால் குடும்பங்கள் நான்கைந்து வருடம் நகராமல் இருக்கும். பிரிக்கப்படாத நிலப்பங்கும், அதாவது கட்டடம் நிற்கும் மொத்த நிலத்தில் உங்கள் ஃபிளாட்டுக்கு வரும் பங்கும், கூடுதல். மூன்று மாடி, 12 வீடு உள்ள பழைய கட்டடத்தில் 850 சதுர அடி ஃபிளாட்டுக்கு 400, 450 சதுர அடி நிலம் வரலாம். உயரமான புதிய குடியிருப்பில் அதே அளவு வீட்டுக்கு அதில் பாதி வந்தாலே பெரிது. விலை ஏறுவது நிலத்துக்குத்தான், கட்டடம் வருடா வருடம் தேயும். 2022-ஆம் ஆண்டின் தமிழ்நாடு அடுக்குமாடிக் குடியிருப்பு உரிமைச் சட்டப்படி மூன்றில் இரண்டு பங்கு உரிமையாளர்கள் சம்மதித்தால் பழைய கட்டடத்தை இடித்துக் கட்டலாம். முன்பு ஒரே ஒருவர் மறுத்தாலும் எல்லாம் நின்றுபோகும். பத்திரத்தில் நிலப்பங்கு எவ்வளவு என்பதுதான் அன்று உங்கள் பங்கைத் தீர்மானிக்கும்.

இதில் பணத்தைத் தின்பது பாத்ரூம். கீழ்வீட்டுக் கூரையில் மஞ்சள் வட்டம், பெயின்ட் உப்பி உதிர்வது, அங்கங்கே கம்பி தெரிவது, இவை மேல்வீட்டு பாத்ரூமிலிருந்து தண்ணீர் இறங்குவதன் அடையாளம். பாத்ரூம் தரைக்கு அடியில் பள்ளமான சிலாப் இருக்கும். அதில் செங்கல் துண்டுகளை நிரப்பி மேலே டைல்ஸ் ஒட்டியிருப்பார்கள். டைல்ஸ் இடுக்கிலும் தரைச் சல்லடையைச் சுற்றியும் தண்ணீர் புகுந்து அந்த நிரப்பலில் ஊறி நிற்கும். மேலே வெள்ளை சிமென்ட் பூசினால் இரண்டு மாதம் நிற்கும், மழைக்காலத்தில் திரும்பவும் வரும். முழுசாகச் சரிசெய்ய டைல்ஸை உடைத்து, நிரப்பலை அள்ளி, பைப் இணைப்புகளை மாற்றி, வாட்டர்புரூஃபிங் இரண்டு கோட் அடித்து, தண்ணீர் கட்டி 48 மணி நேரம் விட்டுக் கீழ்வீட்டுக் கூரையைப் பார்த்து, அதன் பிறகுதான் டைல்ஸ் ஒட்ட வேண்டும். ஒரு வாரம் பாத்ரூமைப் பயன்படுத்த முடியாது என்பதால் குடிவைத்த பிறகு செய்ய வழியில்லை. வாங்குவதற்கு முன் கீழ்வீட்டுக் கதவைத் தட்டி "கூரையைக் கொஞ்சம் பார்க்கலாமா அண்ணா" என்று கேட்டுப் பாருங்கள். அந்த ஐந்து நிமிடம் ஒன்றிரண்டு லட்சத்தைக் காப்பாற்றும்.

பழைய இரும்பு பைப் உள்ளே துருப்பிடித்துக் குறுகியிருக்கும். சமையலறைக் குழாயையும் பாத்ரூம் குழாயையும் ஒரே நேரத்தில் திறந்து பாருங்கள். ஏசிக்குத் தனி லைன் இருக்காது. 4 சதுர மில்லிமீட்டர் கம்பி, அளவுக்கு மேல் கரன்ட் போனால் நிறுத்தும் 20 ஆம்பியர் எம்சிபி, கசிவு வந்தால் நிறுத்தும் 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபி வீட்டுக்கு ஒன்று போட்டுவிடுங்கள். குடியிருக்கும் குடும்பத்தின் உயிர் அதில் இருக்கிறது, அந்தச் செலவில் கணக்குப் பார்க்கக் கூடாது.

லீஸுக்கு விடுவது, பிஜிக்குக் கொடுப்பது

வாடகை வசூலிக்கும் அலுப்பைத் தவிர்க்கப் பலரும் லீஸ், அதாவது போக்கியத்துக்குப் போகிறார்கள். 8 லட்சம் மொத்தமாக வாங்கிக்கொண்டு மூன்று வருடம் வாடகையில்லாமல் குடிவைப்பது. கடனின் ஒரு பகுதியை அடைக்க இது உதவும். ஆனால் அது உங்கள் பணமில்லை. மூன்று வருடம் முடியும்போது அடுத்த லீஸ்காரர் வந்தால்தான் முந்தையவருக்குத் திருப்பிக் கொடுக்க முடியும் என்ற நிலைக்குப் பலர் வந்துவிடுகிறார்கள். பணம் வரும்வரை குடியிருப்பவர் காலி செய்ய மாட்டார், அதில் அவர் பக்கம் நியாயமும் இருக்கிறது. 20,000 ரூபாயோ அதற்கு மேலோ உள்ள டெபாசிட்டை ரொக்கமாக வாங்குவதும் திருப்பிக் கொடுப்பதும் வருமான வரிச் சட்டத்தில் அபராதத்துக்கு உரியவை. வங்கி வழியாகவே செய்யுங்கள். வாடகை வாங்கவில்லை என்றாலும் அந்தப் பகுதியின் நியாய வாடகையை வருமானமாகக் காட்ட வேண்டியிருக்கும்.

பிஜி, அதாவது ஆட்களைப் படுக்கைக் கணக்கில் தங்கவைக்கும் விடுதி, நடத்துபவரிடம் மொத்தமாகக் கொடுத்தால் வாடகை கூடுதலாக வரும், மாதம் தவறாது. மூன்று படுக்கையறையில் 12 பேர் இருப்பார்கள் என்பதை மட்டும் மறக்காதீர்கள். தண்ணீர், கழிவுநீர், கதவுப் பூட்டு எல்லாம் மூன்று மடங்கு வேகத்தில் தேயும். பெண்கள் விடுதி என்றால் 2014-ஆம் ஆண்டின் தமிழ்நாடு விடுதிகள் சட்டப்படி உரிமம் வேண்டும். உரிமத்தைப் பார்க்காமல் சாவி கொடுக்க வேண்டாம்.

மூன்றுக்கும் பொதுவானவை

2019 பிப்ரவரி 22 முதல் தமிழ்நாட்டில் புதிய வாடகைச் சட்டம் நடப்பில் இருக்கிறது. ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும். அதை அரசின் வாடகைப் பதிவு இணையதளத்தில் 90 நாளுக்குள் பதிவு செய்ய வேண்டும். 11 மாதத்துக்கு எழுதினோம், பதிவு தேவையில்லை என்று நினைப்பவர்கள் சார்பதிவாளர் பதிவையும் இதையும் குழப்பிக்கொள்கிறார்கள். இரண்டும் வேறு. அட்வான்ஸ் மூன்று மாத வாடகைக்கு மேல் வாங்கக் கூடாது. பத்து மாத அட்வான்ஸ் காலத்தில் ஆறு மாத பாக்கியைக்கூடக் கண்டுகொள்ளாமல் இருந்தார்கள். இப்போது இரண்டு மாத பாக்கியும் கரன்ட் பில்லும் சேர்ந்தாலே அட்வான்ஸ் தீர்ந்துவிடும். அதனால் முதல் மாதம் தவறும்போதே எழுத்தில் கேளுங்கள். இரண்டு மாத பாக்கி வெளியேற்றக் கோருவதற்கான காரணங்களில் ஒன்று. தண்ணீரையோ கரன்ட்டையோ நிறுத்துவது சட்டப்படி தவறு. வழக்குப் போனால் உங்கள் பக்கம்தான் பலவீனமாகும்.

காலி செய்யும்போது பெயின்ட்டுக்கு ஒரு மாத வாடகையைப் பிடிப்பது சென்னைப் பழக்கம். சட்டத்தின் இணைப்பில் வெள்ளையடிப்பதும் பைப், வயரிங் மாற்றுவதும் உரிமையாளர் பொறுப்பில் இருக்கின்றன; குழாய் வாஷர், சுவிட்ச், சாக்கெட், பூட்டு, கண்ணாடி போன்றவை குடியிருப்பவர் பொறுப்பு. பெயின்ட்டுக்குப் பிடிப்பதாக இருந்தால் ஒப்பந்தத்திலேயே தொகையோடு எழுத வேண்டும். சாவி கொடுக்கும் நாளில் இருவரும் சேர்ந்து சுவர், குழாய், மின் மீட்டர் ரீடிங் எல்லாவற்றையும் வீடியோ எடுத்து வாட்ஸாப்பில் அனுப்பிக்கொண்டால் பிறகு வாக்குவாதமே வராது.

ஒப்பந்தம் முடியும் மாதத்தையும் யோசித்து வையுங்கள். ஆடியிலும் மார்கழியிலும் புதுவீட்டில் பால் காய்ச்சப் பல குடும்பங்கள் தயங்கும். ஜூலை நடுவிலோ டிசம்பர் நடுவிலோ காலியானால் ஒரு மாத வாடகை போனதாகவே வைத்துக்கொள்ளலாம். பள்ளி மாற்றம் நடக்கும் ஏப்ரல், மே மாதங்களில் முடியும்படி முதல் ஒப்பந்தத்தை 9 மாதத்துக்கோ 14 மாதத்துக்கோ எழுதினால் போதும். ஒரு வருடத்தைத் தாண்டினால் சார்பதிவாளரிடமும் பதிய வேண்டும். "சைவம் மட்டும்", "இன்னாருக்கு மட்டும்" என்று போர்டு எழுதுபவர்கள் மனிதர்களைக் காயப்படுத்துகிறார்கள், தங்கள் வீட்டையும் பூட்டி வைக்கிறார்கள். சம்பளச் சான்றும், முந்தைய வீட்டுக்காரரின் ஒரு வார்த்தையும் போதும்.

வருமான வரிக் கணக்கில் வாடகை வருமானத்துக்கு 30 சதவீதம் நிலையான கழிவு உண்டு, ரிப்பேருக்கு எவ்வளவு செலவழித்தாலும் அதற்கு மேல் இல்லை. கட்டிய சொத்து வரியும் கடன் வட்டியும் கழியும். 50 லட்சம் கடனுக்கு முதல் வருட வட்டியே 4.2 லட்சம் என்பதால் கணக்கில் நஷ்டம் வரும். பழைய வரிமுறையில் அதில் 2 லட்சம் வரை சம்பளத்தோடு கழிக்கலாம். புதிய முறையில் முடியாது. வரிச் சலுகைக்காகவே வாங்குகிறேன் என்பவர் எந்த முறையில் இருக்கிறார் என்று முதலில் பார்க்க வேண்டும். உரிமையாளர் வெளிநாடுவாழ் இந்தியராக இருந்தால், வாடகை எவ்வளவு சிறியதாக இருந்தாலும் குடியிருப்பவர் அதில் 31.2 சதவீதம் பிடித்து அரசுக்குக் கட்ட வேண்டும். இதைத் தெரிந்ததும் பல குடும்பங்கள் பின்வாங்குகின்றன. குறைந்த பிடித்தத்துக்கான சான்றிதழை வருமான வரித் துறையில் முன்கூட்டியே வாங்கி வைத்தால் அந்தச் சிக்கல் பெரிதும் குறையும்.

எது யாருக்கு

சிங்கப்பூரிலோ வளைகுடாவிலோ இருப்பவர், ஊரில் ஓடியாட ஆள் இல்லாதவர் ஓ.எம்.ஆர். பக்கம் போகலாம், ஆனால் கட்டி முடித்து, பாதிக்கு மேல் குடியேறிய குடியிருப்பில் மட்டும். ஓய்வுபெற்று, அதே தெருவிலோ பக்கத்துத் தெருவிலோ வசிப்பவருக்குப் போர்ஷன் வீடு பொருந்தும். நேரமும் பொறுமையும் இருந்தால் மூன்றிலும் அதிகம் தருவது அதுதான். வேலைக்குப் போய்க்கொண்டே ஞாயிற்றுக்கிழமை மட்டும் எட்டிப்பார்க்க முடிகிறவருக்குப் பழைய ஃபிளாட்தான் எங்கள் தேர்வு. ஆள் மாறுவது குறைவு, நிலப்பங்கு கூடுதல், பாத்ரூமை ஒருமுறை உடைத்துச் சரியாகச் செய்துவிட்டால் அடுத்த சில வருடத்துக்குத் தொல்லை குறைவு.

எதைத் தேர்ந்தெடுத்தாலும் அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன் இரண்டு முறை போங்கள். காலை 7 மணிக்கு ஒருமுறை. குழாயில் தண்ணீர் வரும் வேகமும், தெருவில் நிற்கும் லாரியும் அப்போதுதான் தெரியும். நல்ல மழை பெய்த மறுநாள் ஒருமுறை. 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலும் அந்தத் தெருவில் தண்ணீர் எதுவரை ஏறியது என்று தெருமுனை இஸ்திரிக் கடைக்காரரிடம் கேளுங்கள். காம்பவுண்டு சுவரில் கைவைத்தே காட்டுவார்.